நண்டுக்குச் சாவு சொன்னது

நண்டு மறுபடியும் கொடுக்கைத் தரையில் வைத்துவிட்டு இன்ஜினை அணைத்துக்கொண்டது.

கேபினில் உட்கார்ந்திருந்த பூரணம் கைப்பிடிகளை விட்டுவிட்டு வெளியே பார்த்தாள். வெட்ட வேண்டிய கற்பூர மரம் முகத்துக்கு நேராக, ஒரு கீறலும் படாமல், காற்றில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. கீழே பாதையோரத்தில் எஸ்டேட் துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“என்னம்மா, பட்டனை மாத்தி அமுக்கிட்டியா?”

“நான் எதையும் தொடவே இல்லைங்க தொரை. ஏறி உக்காந்தேன். அதுவும் உக்காந்துக்குச்சு.”

மெஷின் கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினீயர் மெர்லின், பூரணத்தை இறக்கிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்தாள். அப்போதும் நண்டு அசையவில்லை. பூரணம் நடந்து பாதை வளைவில் மறைந்த பிறகுதான் உறுமிக்கொண்டு எழுந்தது. ஆறு கால்களையும் சரிவில் ஊன்றி, கொடுக்கால் மரத்தின் இடுப்பைப் பிடித்து, அறுத்து, சாய்த்து, கிளை கழித்து, துண்டு போட்டு அடுக்கியது. துரை பிளாஸ்கிலிருந்து ஊற்றிக்கொண்ட டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. வேலை முடிந்ததென்று பூரணம் திரும்பி வந்தாள். வளைவில் அவள் தலை தெரிந்ததும் நண்டு கொடுக்கைக் கீழே வைத்தது.

“மெஷின்ல கோளாறு இல்ல சார்” என்றாள் மெர்லின், இறங்கிக்கொண்டே. “இவங்க வந்தா மட்டும் நிக்குது.”

யூனியன் செயலாளர் தங்கையா அதுவரை ஒரு அடிக்கட்டையில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“நிக்காதா பின்ன? பொண்டாட்டியாச்சே.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல.

பூரணத்தின் புருஷன் சடையாண்டி அந்த மலையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். சமவெளியில் ஒழுங்காக வேலை செய்த மரம் வெட்டும் மெஷின்கள் இந்தச் சரிவுக்கு வந்ததும், வெட்டிய மரத்தோடு சேர்ந்து தாங்களும் உருண்டு ஓடையில் கிடந்தன. ஆகவே கம்பெனி சடையாண்டிக்கு ஒரு சட்டை மாட்டிவிட்டது. அதன் நெஞ்சில் வெளியே பார்க்கும் ஒரு கேமரா, காலரில் ஒரு மைக், உள்ளே எங்கு பார்த்தாலும் நூல்போல் ஓடும் கம்பிகள். ஒரு மழைக்காலம் தொடங்கி அடுத்த மழைக்காலம்வரை அவன் உடம்பு செய்ததையெல்லாம் சட்டை வாங்கி வைத்துக்கொண்டது. பிறகு அதை அப்படியே நண்டுக்குள் இறக்கினார்கள்.

வேலை நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லித்தான் சட்டையைக் கொடுத்தார்கள். ஆனால் அது நல்ல கதகதப்பு. மலைக்குளிரில் அதைக் கழற்ற சடையாண்டிக்கு மனசே வரவில்லை. டீக்கடைக்கு, ரேஷன் வரிசைக்கு, முனியப்பன் கோயிலுக்கு, சாவு வீட்டுக்கு என்று எல்லா இடத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டே போனான். அதனால் நண்டும் கோயிலைக் கடக்கும்போது கொடுக்கைத் தாழ்த்திக் கும்பிட்டது. மாலையில் டீக்கு நின்றது. குடிக்க வழியில்லாததால் சும்மா நின்றது. மேஸ்திரி சத்தம் போட்டால் காது கேட்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. கம்பெனிக்காரர்கள் இந்தப் பழக்கங்களைக் களைந்துவிடப் பார்த்தார்கள். டீயை எடுத்தால், மரம் சாயும் பக்கத்தைக் கணிக்கும் சாமர்த்தியமும் கூடவே போய்விட்டது. எதுவரை மரவெட்டு, எங்கிருந்து சடையாண்டி என்று அவர்களால் கோடு போட முடியவில்லை. விட்டுவிட்டார்கள்.

சட்டையைத் திருப்பிக் கொடுத்த அடுத்த வாரம் சடையாண்டி லீவு போட்டுவிட்டுக் குன்னூருக்குப் போனான். ஆயுள் முழுக்க மரத்தடியில் நின்றும் ஒரு சுள்ளிகூட மேலே விழாதவன், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பஸ் வந்தது. அவன் ஏறவில்லை.

கொழுந்து பறிக்கவும் மருந்தடிக்கவும் மெஷின் வந்துவிட்ட அந்த எஸ்டேட்டில், ஆள் தேவைப்பட்ட ஒரே வேலை நண்டு ஓட்டுவது. குடும்பத்தில் ஒருவராவது வேலையில் இருந்தால்தான் எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீடான லயன் வீடு. மாதக் கடைசிக்குள் ஆபரேட்டர் டெஸ்ட்டில் தேறாவிட்டால் பூரணம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில், ஒரு கட்டிலில் இருவராகப் படுத்துக்கொண்டிருந்தாள். போய் ஒண்ட வேறு இடம் இல்லை.

பழைய மரவெட்டிகளும் டெஸ்ட்டுக்கு வந்து பார்த்தார்கள். அவர்கள் கைப்பிடியைக் கிழக்கே தள்ளினால் நண்டு மரத்தை மேற்கே சாய்த்தது. “உசுரோட இருக்கும்போதே இவன் எம்பேச்சைக் கேட்டவன் கெடையாது” என்று ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். பூரணம் பயிற்சி அறையில் திரையில் ஓடும் பொம்மை நண்டில் கற்றுக்கொண்டாள். அதற்குள் சடையாண்டி இல்லை. கொழுந்து பறித்துப் பழகிய விரல்கள் பொத்தான்களைப் பார்க்காமலே தேடிக்கொண்டன. மற்ற எல்லாரையும்விட அவள்தான் நன்றாக ஓட்டினாள். நிஜ நண்டில் ஏறிய அன்றுதான் இப்படி.

“மத்தியானம் நீங்க சோறு கொண்டு போனா அவரு என்ன பண்ணுவாரு?” என்று கேட்டாள் மெர்லின்.

“அருவாளக் கீழ வெப்பாரு. மரம் வெட்டுற இந்தக் கூப்புல எல்லாரும் அப்படித்தான். தன் வீட்டு ஆளு கண்ணு முன்னால மரம் விழக்கூடாதும்பாங்க. நான் வளைவு திரும்பிப் போற வரைக்கும் தொட மாட்டாரு.”

“அதான் விஷயம். அது உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு, நீங்க கிளம்பட்டும்னு.”

“நான் கிளம்பிட்டா யாரு ஓட்டறது?”



மறுநாள் தங்கையாவின் மழைக்கோட்டையும் பேன்ட்டையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு பூரணம் பின்பக்கமாக வந்து ஏறினாள். ஏணியின் கடைசிப் படியில் அவளையறியாமல் “அப்பாடி” என்றாள். நண்டு உட்கார்ந்துவிட்டது. அதற்கடுத்த நாள் துரைக்கு ஒரு யோசனை வந்தது. சண்டை போட்டுக் கோபித்துக்கொண்டால் விலகிப் போகும் அல்லவா? பூரணம் நண்டின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, கல்யாணமான நாளிலிருந்து ஒன்று விடாமல் எடுத்துச் சொல்லித் திட்டினாள். தங்கையாவே ஓரிடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். நண்டு மட்டும் இன்னும் சாவகாசமாகக் கால்களை மடக்கிக்கொண்டது. சடையாண்டிக்குச் சோறும் திட்டும் சேர்ந்தேதான் வரும்.

“இது வேற ஒண்ணுமில்ல பூரணம்” என்றார் தங்கையா. “அவன் போய்ச் சேர்ந்தது இதுக்குத் தெரியாது. சொந்தபந்தம் எல்லாத்துக்கும் ஆள் அனுப்பிச் சாவு சொன்னோம். இதுக்கு யாராச்சும் சொன்னோமா?”

“மெஷினுக்கா அண்ணே?”

“எனக்கென்னமோ இது மனத்தாங்கல்னு படுது. மொறைப்படி சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. அவன் பொண்டாட்டின்னு ஒருத்தி கிடையாது, விதவைதான் இருக்கான்னு தெரிஞ்சா தன்னால விட்டுரும்.”

துரை மெர்லினைப் பார்த்தார். மெர்லின் யோசித்தாள்.

“தப்பு மேளச் சத்தம், ஒப்பாரி, பானை உடைக்கிறது எல்லாம் அந்தச் சட்டையில பதிவாகியிருக்கு சார். அவரோட அண்ணன் செத்தப்போ அங்க போட்டுட்டுப் போயிருக்காரு. சாவுன்னா என்னன்னு மெஷினுக்குத் தெரியும். செய்றதுல தப்பில்ல.”

“செய்யுங்க” என்றார் துரை. “சீக்கிரம் செய்யுங்க.”

பூரணத்துக்குத்தான் பிடிக்கவில்லை. ஒரு முறை அழுது முடித்துவிட்டாள். அந்த அழுகை அவளுடையது. இது டெஸ்ட்டுக்கான அழுகை. ஆனாலும் சாவி ஞாபகத்துக்கு வந்தது. சரி என்றாள்.

கூப்பின் நடுவில் நண்டுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, அதில் சடையாண்டியின் போட்டோவை வைத்து மாலை போட்டார்கள். தப்பு அடிக்க நான்கு பேர். லயன் பெண்கள் எல்லாரும் எஸ்டேட் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தங்கையா முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, உறவுக்காரனிடம் சொல்வதுபோல, “நம்ம சடையாண்டி இறைவனடி சேர்ந்துட்டாருப்பா” என்றார். எங்கே பார்த்துச் சொல்வதென்று தெரியாமல் முன்விளக்கைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஒரு நிமிடம் பதிலுக்குக் காத்திருந்தார். பழக்கதோஷம்.

பெண்கள் பூரணத்துக்கு முக்காடு போட்டு நடுவில் உட்காரவைத்து, தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். பூரணம் முதலில் சும்மாதான் வாயை அசைத்தாள். பக்கத்தில் இருந்த ராக்காயி அவள் முதுகைக் கிள்ளினாள். “சத்தமா அழுடி, அதுக்குக் கேக்கணுமில்ல.” கிள்ளிய இடம் வலித்தது. வலியில் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வந்தது. புருஷனைப் புதைத்த அன்று வராததெல்லாம் வந்தது. கடைசியில் மற்ற பெண்கள் நிறுத்திவிட்டு அவளைத் தேற்றும்படி ஆயிற்று.

நண்டு நான்கு திசையிலும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. பிறகு விளக்குகளை அணைத்தது.

அடுத்த நாள் அது வேலை செய்யவில்லை. பூரணம் அங்கே இல்லாதபோதும் செய்யவில்லை. மெர்லினே ஏறி உட்கார்ந்து பார்த்தாள், அசையவில்லை. துரை யூனியன் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

“என்ன தங்கையா இது? ஒருத்திக்கு ஓடலன்னு போனோம், இப்ப யாருக்குமே ஓட மாட்டேங்குது.”

“துக்கம்ங்க தொரை. நெருங்கின சாவுன்னா கருமாதி முடியற வரைக்கும் மரவெட்டி மரத்தைத் தொட மாட்டான். எங்க வழக்கம்.”

“கம்பெனிக்கு நான் என்னன்னு சொல்றது? மெஷின் துக்கத்துல இருக்குன்னா?”

“ஆமான்னு சொல்லுங்க. நெருங்கின உறவு செத்தா லீவு உண்டுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. தொழிலாளின்னுதான் போட்டிருக்கு. மனுசன்னு போடல.”

துரை எழுந்து போய்விட்டார். அவர் போன பிறகு தங்கையா, நண்டிடம் சந்தா வாங்கலாமா என்று தீவிரமாக யோசித்தார்.

செய்வதை அரைகுறையாகச் செய்யக்கூடாது என்று பெண்கள் பூரணத்தைக் கருமாதிவரை வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. புருஷன் போனபோதே முழுதாக உட்கார்ந்தாயிற்றே என்று அவள் சொன்னது எடுபடவில்லை. மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நண்டு எழுந்துகொள்ளாவிட்டால் இந்தச் சுவரும் இல்லை.

மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தபோது கருமாதி செய்தார்கள். நண்டின் கொடுக்கில் புது வேட்டியைச் சுற்றினார் தங்கையா. மறுநாள் காலை அது யாரும் ஏறாமலே இன்ஜினைப் போட்டுக்கொண்டு நின்றது. பூரணம் பயந்துகொண்டே மறுபடி அந்த மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகப் போய் ஏணியில் கால் வைத்தாள். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள்.

நண்டு எழுந்தது.

டெஸ்ட்டுக்குக் குறி போட்டிருந்த மரங்களை எல்லாம் அவள் வெட்டி அடுக்கினாள். துரை கைதட்டினார். தங்கையா, “நான் சொல்லல?” என்று எல்லாரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டார்.

மூன்று நாள் கழித்து ஒரு பிற்பகல் மெர்லின் லயன் வீட்டுக்கு வந்தாள். பூரணம் வாசலில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்.”

“பெயிலா?”

“பாஸ்தான். இது வேற.” மெர்லின் படியில் உட்கார்ந்தாள். “தங்கையா அண்ணன் நினைச்ச மாதிரி இல்ல. உங்க வீட்டுக்காரரு செத்தது நண்டுக்கு இன்னும் தெரியாது. நேத்து உள்ள திறந்து பார்த்தேன்.”

“தெரியாமலா அத்தனை நாள் உக்காந்துச்சு?”

“சட்டையில கேமரா வெளிய பார்த்துத்தானே இருந்துச்சு. அவரு முகத்தை அது ஒரு நாளும் பார்த்ததில்ல. மாலை போட்டு வெச்ச போட்டோ அதுக்கு யாரோ ஒரு ஆளு. பேரு சொன்னாரே தங்கையா அண்ணன், அந்தப் பேருல கூப்பிட்டா அதுதானே திரும்பும்? தன்கிட்டயே வந்து தான் செத்துட்டதா சொன்னா யாரு நம்புவாங்க. அதைப் பொறுத்தவரைக்கும் சடையாண்டி நல்லாத்தான் இருக்காரு. ஆனா சாவு நடந்திருக்கு, அது உறுதி. அப்போ செத்தது யாரு?”

பூரணம் குடத்தைக் கீழே வைத்தாள்.

“தெரிஞ்சவங்க எல்லாரும் வந்திருக்காங்களான்னு சுத்திப் பார்த்திருக்கு. ஒருத்தரை மட்டும் காணோம். அன்னையிலிருந்து அவங்க வளைவுல வரவும் இல்ல.”

“நான் அங்கதானே இருந்தேன். நேரா முன்னாலதானே உக்காந்து அழுதேன்.”

“முக்காடு போட்டு, கூட்டத்துக்கு நடுவுல. நடந்துகூட வரல, ஜீப்புல வந்தீங்க. குரலாவது தெரிஞ்சிருக்கும். ஆனா நீங்க அழற குரல் அதுகிட்ட இல்லக்கா. அந்த ஒரு வருசத்துல அவரு முன்னாடி நீங்க ஒரு தடவைகூட அழல.”

“எதுக்கு அழணும்? திட்டறதுக்கே நேரம் போதல.” சொல்லிவிட்டுப் பூரணம் குடத்தின் விளிம்பைத் துடைத்தாள். பிறகு கேட்டாள். “என்ன பண்ணுச்சு? நான்... போனதுக்கு.”



“தன்னோட அண்ணன் செத்தப்போ அவரு சும்மா வேலைக்குப் போகாம இருந்தாரு, அவ்வளவுதான் பதிவுல இருக்கு. இது அதோட நிக்கல. நீங்க வர்ற வளைவைப் பார்த்துத் திரும்பி உக்காந்திருக்கு. யாரும் திருப்பல. தினம் மத்தியானம் கொடுக்கைத் தாழ்த்தித் திறந்து வெச்சிருக்கு. கருமாதியோட அதை விட்டுடுச்சு. இப்போ மத்தியானம் நிக்கறதே இல்ல. ஒரேயடியா வேலை பார்க்குது. தொரைக்கு ரொம்ப சந்தோசம், தினமும் கூடுதலா ரெண்டு மரம் விழுது.”

“சாப்பிடாம வேலை பார்ப்பாரா” என்றாள் பூரணம். அது கேள்விபோல் இல்லை.

“நீங்க இருக்கீங்கன்னு அதுக்குக் காட்டணும்னா காட்டலாம். வளைவுல ஒரு தடவை நடந்து வந்தாப் போதும்.”

“காட்டினா உக்காந்துக்கும்.”

“ஆமா.”

“வீடு போயிரும்.”

“ஆமாக்கா.”

பூரணம் குடத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். “இருக்கட்டும்” என்றாள். “டீ போடறேன், குடிச்சிட்டுப் போ.”

திங்கட்கிழமை அவள் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தாள். அதே மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக வளைவுவரை ஜீப்பில் போய் இறங்கி, அங்கிருந்து மேட்டைச் சுற்றிக்கொண்டு, தன் நடையில் நடக்காமல் காலை அகட்டி அகட்டி நடந்து போய் ஏறினாள். உட்காரும்போது பெருமூச்சு விடவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்திலிருந்த சிறு திரையில், ‘ஆபரேட்டர்: அறிமுகமில்லாதவர்’ என்று எழுத்துகள் வந்தன. சரி என்ற பொத்தானை அமுக்கினாள்.

காலை நேரம் முழுக்க ஒருவருக்கொருவர் தொந்தரவில்லாமல் வேலை நடந்தது. பனி விலகியபோது ஓடைக்கு மேலே, சரிவில் வளைந்து வளர்ந்த ஒரு பெரிய சீகை மரத்தின் முன்னால் வந்து நின்றார்கள். நண்டு கொடுக்கை வைத்தது. ஓடைப் பக்கமாகச் சாய்க்கத் தயாரானது. பூரணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடையில் விழுந்த மரத்தை எடுக்க யார் இறங்குவது? சோற்றுத் தூக்கோடு மேட்டில் நின்றுகொண்டு எத்தனை வருடம் சொல்லியிருக்கிறாள், ஓடைப் பக்கம் சாய்க்காதே, பாதைப் பக்கம் சாய் என்று. ஒரு நாளாவது கேட்டிருக்கிறானா? உனக்கென்ன தெரியும் என்று தலையைக்கூடத் திருப்பாமல் சொல்லிவிட்டு, அவள் வளைவு திரும்பியதும் ஓடையில்தான் போடுவான்.

திட்டு நுனிநாக்குவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள். பேசினால் தெரிந்துவிடும். பழைய மரவெட்டிகளுக்கு நடந்ததுதான் தனக்கும் நடக்கும் என்று நினைத்துக்கொண்டே, சத்தமில்லாமல் கைப்பிடியைப் பாதைப் பக்கம் மெல்லத் தள்ளிப் பார்த்தாள்.

நண்டு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கொடுக்கை எடுத்து மறுபக்கம் வைத்தது. மரத்தை அவள் காட்டிய இடத்தில், அவள் நினைத்தபடியே, பூப்போல் பாதையோரத்தில் படுக்கவைத்தது. பிறகு அடுத்து என்ன என்பதுபோல் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

பூரணம் விழுந்த மரத்தைப் பார்த்தாள். அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வந்தது ஆத்திரம். காது மடல்கள் சூடாகிவிட்டன. இத்தனை வருடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவள் ஒருத்தி. நேற்று வந்து ஏறிய எவளோ ஒருத்தி விரலை அசைத்ததும் மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறான்.

வெளியே சொல்ல முடியாததால் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்:

“நான் செத்து முழுசா ஒரு மாசம் ஆகல.”